மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பஸ் பிரயாணம்

இத்தாலியின் அமல்பிக் கரையிற் கண்டவையும் கேட்டவையும்

இத்தாலி நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காலணி போன்ற அந்நாட்டின் முன்புறத்திலே, நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே, விரலொன்று கடலுக்குள் நீண்டிருப்பதைக் காணலாம். அதுவே சொறெந்தோக் குடாநாடு. அதன் வடபுறம் நேப்பிள்ஸ் விரிகுடாவையும் வெசூவியஸ் எரிமலையையும் நோக்கியிருக்கின்றது. தென்புறமோ சலேர்னோ விரிகுடாவினுட் செங்குத்தாக இறங்குகின்றது. இரண்டிற்கும் நடுவே லத்தாரி மலைத்தொடர் 1,444 மீற்றர் வரை உயர்ந்து நிற்கின்றது. அத்தென்புறக் கரைக்கே அமல்பிக் கரை என்று பெயர். மனிதனும் இயற்கையும் சேர்ந்து படைத்த நிலக்காட்சி என்று போற்றி, யுனெஸ்கோ நிறுவனம் 1997 ஆம் ஆண்டில் இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

மனிதனும் இயற்கையும் சேர்ந்து படைத்தது என்னும் அத்தொடரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். இக்கரையின் பெருமையும் இன்று அதற்கு நேர்ந்துள்ள கவலையும் அதனுள் அடங்கியிருக்கின்றன.

வீதியும் வண்டியும்

நாம் முப்பது பேர் ஒரு குழுவாகச் சொறெந்தோவிலிருந்து காலையிற் புறப்பட்டோம். பல நாட்டவரும் பல வயதினரும் அக்குழுவில் இருந்தனர். இளைப்பாறிய ஆசிரியர் சிலர், புதுமணத் தம்பதிகள், பரீட்சை முடித்த மாணவர்கள் என்று பலதிறத்தார். சித்திரை மாத முடிவாகையால் வெயில் இதமாக இருந்தது.

இவ்விடத்திற் செல்ல விரும்புவோர்க்கு முதலில் ஒரு செய்தி. இத்தாலியில் வண்டிகள் வீதியின் வலப்பக்கமாக ஓடுவன. கிழக்கு நோக்கிச் செல்லும் வண்டிக்குக் கடல் வலப்புறத்திலேயே இருக்கும். ஆகவே வலப்புற ஆசனத்தில் அமர்ந்தவர்க்குக் கண்கொள்ளாக் காட்சி. இடப்புற ஆசனத்தில் அமர்ந்தவர்க்கு மலைப்பாறையும் மன அமைதியும்! உயரத்தைக் கண்டு அஞ்சுவோர் இடப்புறத்தையே நாடுவது நன்று. ஏனெனிற் பல இடங்களில் வீதியின் சிறு மதிற்சுவருக்கு அப்பால் வெறும் ஆகாயமும், அதன் அடியில் நீலக்கடலுமே தென்படுகின்றன.

இவ்வீதியின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பூர்போன் வம்சத்து மன்னர் நேப்பிள்ஸ் இராச்சியத்தை ஆண்ட காலத்தில் மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளுக்குப் பாலமிட்டும் அமைக்கப்பட்ட இப்பாதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறைவெய்தியது. அதற்கு முன்னர் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்வதானால் ஓடமேற வேண்டும். அன்றேற் கோவேறு கழுதைகள் செல்லும் படிப்பாதையில் ஏறியிறங்க வேண்டும். குதிரை வண்டிகளுக்காக அமைத்த வீதியில் இன்று பஸ் வண்டிகள் ஓடுகின்றன. வளைவு தோறும் சாரதி ஒலியெழுப்புகிறார். எதிரே வருபவரும் ஒலியெழுப்புகிறார். பிறகு ஒருவர் பின்வாங்க, மற்றவர் சுவரை உரசாத குறையாக நகர்ந்து செல்கிறார். எமது சாரதி ஒவ்வொரு தடவையும் எதிரே வந்தவருக்குக் கையசைத்து நன்றி கூறியமை எமக்கு மிகவும் பிடித்திருந்தது.

நெரிசலைக் குறைப்பதற்குச் சில விதிகளும் உள. 10.36 மீற்றருக்கு மேல் நீளமான பஸ் வண்டிகள் இவ்வீதியில் அனுமதிக்கப்படுவதில்லை. உல்லாசப் பிரயாண வண்டிகள் பொசித்தானோவிலிருந்து வியத்ரி நோக்கி ஒரு திசையாகவே செல்ல வேண்டும். 2022 ஆம் ஆண்டு முதல், கூட்டம் மிகுந்த நாட்களில், வெளியூர்க் கார்கள் தத்தம் இலக்கத் தகட்டின் ஒற்றை, இரட்டை எண்ணுக்கேற்ப நாள்மாறி நாளே வரலாம் என்ற கட்டுப்பாடும் வந்தது. இக்கரையின் 13 ஊர்களிலும் வாழ்வோர்க்கு அதிலிருந்து விலக்குண்டு.

பொசித்தானோ

முதலில் தோன்றுவது பொசித்தானோ. ஊர் என்பதைவிட, மலைச்சரிவில் யாரோ வீடுகளை அள்ளிச் சொரிந்ததுபோல் என்பதே பொருந்தும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு நிற வீடுகள் ஒன்றன் தோள்மீது ஒன்று ஏறி நிற்கின்றன. அடியிலே, பச்சையும் மஞ்சளுமான ஓடு பதித்த கவிகையுடன் மாதா கோயில். பெரிய வண்டிகள் கீழே செல்வதில்லை. மேல்வீதியில் இறங்கி, நூற்றுக்கணக்கான படிகளை நடந்தே கடக்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் பாடிக்கொண்டிறங்கினர். ஏறும்போது ஒருவரும் பேசவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1953 இல் இவ்வூரைப் பற்றி எழுதிய கட்டுரை இதன் புகழை உலகெங்கும் பரப்பியது. அதற்கு முன்னர் இது வறிய மீன்பிடி ஊராகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனையடுத்தும் இவ்வூரவர் பலர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். இன்று அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளிற் பல விடுதிகளாகிவிட்டன. கடலில் அப்பாற் தெரியும் மூன்று சிறு தீவுகளை லி கல்லி என்பர். தம் இன்னிசையால் மாலுமிகளை மயக்கிக் கொன்ற மாயக் கன்னியர் வாழ்ந்த தீவுகள் இவையே என்பது பழங்கதை.

பாறைப் பிளவும் மரகதக் குகையும்

பொசித்தானோவைக் கடந்து சிறிது தூரஞ் சென்றதும் வண்டி ஒரு பாலத்தின்மேல் மெதுவாகச் சென்றது. கீழே பார்த்தவர்கள் மூச்சடைத்துப் போயினர். பாறை இரண்டாகப் பிளந்து, அதனுட் கடல் புகுந்து, சிறு மணற்கரையொன்றைத் தழுவிக்கொண்டிருந்தது. பியூரோரே என்னும் ஊரின் பிளவு அது. மலையோடை பன்னெடுங்காலமாக அறுத்து ஆக்கிய பள்ளத்தாக்கு. பாலம் கடலுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது.

அடுத்துள்ள கொன்கா தெய் மரீனி என்ற ஊரில், 1932 ஆம் ஆண்டு மீனவர் ஒருவர் கண்டுபிடித்த குகை இருக்கின்றது. நீரின் அடியிலுள்ள திறப்பொன்றின் வழியாகச் சூரிய ஒளி உட்புகுவதால், குகை நீர் முழுவதும் மரகதம் போல ஒளிர்கின்றது. ஓடத்திற் சென்று பார்த்தோம். கூரையிலிருந்து தொங்கும் சுண்ணக் கற்றூண்கள் சில நீரின் அடிவரை செல்கின்றன. துளித்துளியாக நீர் சொட்டி உருவாகும் இத்தூண்கள் நீருக்குள் வளரமாட்டா. ஆகவே இக்குகை ஒருகாலத்தில் வறண்ட நிலமாக இருந்தது என்பதும், பின்னரே கடல் உட்புகுந்தது என்பதும் பெறப்படும். மாணவர்கள் பாடநூலிற் படிப்பதை இங்கே கண்ணாற் காணலாம்.

ஒரு சிறு ஊரின் பேரரசு

நண்பகலில் அமல்பி நகரை அடைந்தோம். ஐயாயிரம் பேரும் வாழாத இச்சிற்றூர் ஒருகாலத்தில் மத்தியதரைக் கடலின் வாணிகத்தை ஆண்டது என்றால் நம்புவது கடினம். கி. பி. 839 இல் தன்னாட்சி பெற்ற அமல்பி, வெனிஸ், ஜெனோவா, பீசா ஆகியவற்றைப் போலக் கடற் குடியரசாகத் திகழ்ந்தது. இதன் கப்பல்கள் அலெக்சாந்திரியாவுக்கும் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் மரமும் தானியமும் கொண்டுசென்று, பட்டும் மிளகும் கொண்டுவந்தன. இங்கு தொகுக்கப்பட்ட கடற் சட்டங்கள் பிற துறைமுகங்களிலும் நெடுங்காலம் மதிக்கப்பட்டன.

பேராலயத்தின் 62 படிகளையும் ஏறினால், கொன்ஸ்தாந்திநோப்பிளில் வார்த்துப் பதினோராம் நூற்றாண்டிற் கொண்டுவரப்பட்ட வெண்கலக் கதவுகளைக் காணலாம். 1208 இல் அந்நகரிலிருந்தே கொண்டுவரப்பட்ட புனித அந்திரேயரின் திருப்பண்டங்கள் இவ்வாலயத்தின் அடியறையில் உள. துறைமுகத்தருகே பிளாவியோ ஜொயா என்பவரின் சிலை நிற்கின்றது. திசையறி கருவியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரார் கொண்டாடுகின்றனர். வரலாற்றறிஞரோ அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பதையே ஐயுறுகின்றனர். சிலை மட்டும் ஐயமின்றிக் கடலைப் பார்த்து நிற்கின்றது!

எம் நாட்டு மாணவர்க்கு அமல்பியோடு ஓர் உறவுண்டு. பதினோராம் நூற்றாண்டில் அமல்பி வணிகர், ஜெருசலேம் நகருக்கு வரும் யாத்திரிகருக்காக ஒரு மருத்துவ விடுதியை அங்கே அமைத்தனர். அதிலிருந்தே பிற்காலத்திற் புனித யோவான் வீரத்துறவியர் சபை வளர்ந்தது. அச்சபையின் எட்டு முனை வெள்ளைச் சிலுவையே இன்று சென் ஜோன் அம்புலன்ஸ் தொண்டரின் சின்னம். விளையாட்டுப் போட்டி மைதானத்தில் முதலுதவிப் பெட்டியுடன் நிற்கும் எம் பாடசாலை மாணவரின் சட்டையில் உள்ள அச்சின்னத்தை, அமல்பி நகரின் கொடியிலும் கண்டபோது எமக்குண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று.

இத்தகைய நகர் எவ்வாறு சிறுத்தது? 1131 இல் நோர்மன் அரசன் இரண்டாம் றோஜர் இதனைத் தன் ஆட்சிக்குட் கொண்டுவந்தான். 1135 இலும் 1137 இலும் பீசா நகரின் கப்பற்படை சூறையாடியது. 1343 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் கொந்தளித்த கடல், நகரின் கீழ்ப்பாகத்தையும் துறைமுகத்தையும் விழுங்கிவிட்டது. எஞ்சியது இன்று நாம் காணும் சிற்றூர்.

எனினும் மக்கள் கைகட்டி இருந்தாரல்லர். ஊரின் பின்புறப் பள்ளத்தாக்கில் ஓடும் நீரைக் கொண்டு கடதாசி ஆலைகளை இயக்கினர். பழந்துணிகளை நீர்விசையால் இயங்கும் மரச் சம்மட்டிகளால் இடித்துக் கூழாக்கி, கம்பிச் சல்லடையால் வடித்து, கெட்டியான கடதாசி செய்தனர். தோலேடுபோல நிலைக்குமோ என்றஞ்சிய பேரரசன் இரண்டாம் பிரெடெரிக், 1231 இல் அரச சாசனங்களைக் கடதாசியில் எழுதலாகாது எனத் தடை விதித்தான். ஆயினுங் கடதாசியே வென்றது! பழைய ஆலையொன்று இப்போது நூதனசாலையாக உள்ளது. அங்கே சம்மட்டிகள் இடிப்பதைக் கண்டோம். எம் கையாலும் ஒவ்வொரு தாள் வடித்தெடுத்தோம்.

றவெல்லோவின் பூந்தோட்டம்

அமல்பியை அடுத்து மலைமேல், கடலுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் உயரத்தில் இருப்பது றவெல்லோ. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் செல்வந்த வணிகக் குடும்பமொன்று கட்டிய றூபோலோ மாளிகை இங்கேயுள்ளது. 1880 ஆம் ஆண்டு ஜெர்மானிய இசைமேதை றிச்சாட் வாக்னர் இம்மாளிகைத் தோட்டத்தைக் கண்டு, தாம் அப்போது இயற்றிக்கொண்டிருந்த பார்சிபல் என்னும் இசைநாடகத்தின் மாயப் பூங்கா இதுவே என்று மகிழ்ந்தார். 1953 முதல் கோடைதோறும் இங்கே இசைவிழா நடைபெறுகின்றது. கடலுக்கு மேல் அந்தரத்திற் தொங்குவதுபோல் மேடையமைத்து வாசிப்பார்களாம். நாம் சென்றது விழாக் காலமன்று. ஆயினும் இரு குடைவிரி பைன் மரங்களின் இடையே தெரிந்த கடலே எமக்குப் போதிய இசையாக இருந்தது.

எலுமிச்சைத் தோட்டத்தில் ஒரு முதியவர்

இவ்வளவுங் கண்டபின், நாம் இறங்கிய இடங்களுள் உள்ளத்தில் ஆழப் பதிந்தது எது என்று கேட்டால், மினோரிக்கும் மயோரிக்கும் இடையேயுள்ள எலுமிச்சைப் பாதை என்றே கூறுவோம்.

இக்கரையில் இயற்கையாகச் சமநிலம் என்பது அரிது. நூற்றாண்டுக் கணக்காக மக்கள் மலைச்சரிவிற் சுண்ணக்கல் அடுக்கிச் சுவரெழுப்பி, பின்னே மண்ணை நிரப்பி, படிப்படியாகத் தோட்டங்களை உண்டாக்கினர். செஸ்நட் மரக் கழிகளாற் பந்தரிட்டு, அதன்மேல் எலுமிச்சையைப் படரவிட்டனர். இங்கு விளையும் எலுமிச்சை கதிர் போல இரு முனையும் கூர்ந்து, உள்ளங்கையை நிறைக்கும் அளவினது. தடித்த தோல், நறுமணமோ சொல்லி முடியாதது. 2001 இல் இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் இடப்பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது. கடலில் நெடுநாட் செல்லும் மாலுமிகளைப் பற்றும் சொறிகரப்பான் நோய்க்கு எலுமிச்சை மருந்தென அறியப்பட்ட பின்னர், இக்கனிகள் கப்பல் கப்பலாகத் தூரதேசங்களுக்குச் சென்றன.

அவற்றைத் தோட்டத்திலிருந்து கடற்கரைக்குச் சுமந்து வந்தவர்கள் பெண்கள். ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட கூடையை முதுகில் ஏற்றி, செங்குத்துப் படிகளில் நாளொன்றுக்குப் பன்முறை இறங்கி ஏறுவார்களாம். வரிசையாகச் செல்லும் அவர்களை ‘சிற்றெறும்புகள்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அழகிய பெயர்தான்; அந்தச் சுமை அழகியதன்று.

பாதையருகே எழுபது வயதைக் கடந்த ஒரு முதியவர் இடிந்த சுவரைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லையுங் கையிற் புரட்டிப் பார்த்து, பொருந்தும் முகத்தைக் கண்டு, வைத்தார். எம் குழுவிலிருந்த மாணவரொருவர், “ஐயா, சீமெந்து பூசினால் வேலை எளிதாகுமே?” என்று வினவினார். வழிகாட்டியாக வந்த பெண்மணி அதனை மொழிபெயர்த்தார். முதியவர் சிரித்தார்.

“தம்பி, மழைத் தண்ணீருக்கு வழி வேண்டும். கல்லுக்குக் கல் இடைவெளி இருந்தாற்றான் தண்ணீர் கசிந்து வெளியேறும். சீமெந்து அதை மறித்துவிடும். மறித்த தண்ணீர் மண்ணையுஞ் சேர்த்துக்கொண்டு ஒருநாள் வெளியே வரும். அப்போது சுவர் மட்டுமா போகும்?”

“உங்களுக்குப் பின் யார் கட்டுவார்கள்?” என்று மற்றொருவர் கேட்டார். முதியவர் உடனே விடை கூறவில்லை. கையிலிருந்த கல்லை வைத்துவிட்டு, “மூத்தவன் ஹோட்டலில் வேலை செய்கிறான். இளையவன் மிலானில். ஹோட்டலில் ஒரு மாதத்திற் கிடைப்பது இந்தத் தோட்டத்தில் அரை வருடத்திலும் கிடையாது. அவர்களை நான் எப்படிக் குறை கூறுவேன்?” என்றார். பிறகு கீழே வளைந்து செல்லும் வீதியைச் சுட்டிக்காட்டி, “ஆனாற் சுவர்கள் விழுந்தால், மகளே, உன் பஸ் வண்டி எங்கே ஓடும்? அதையும் இவர்களுக்குச் சொல்” என்று வழிகாட்டியிடம் கூறினார்.

மலை சொல்லும் எச்சரிக்கை

முதியவரின் வினா வெறும் மனக்குறையன்று. இம்மலைகளின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல், வெசூவியஸ் பல தடவைகளிற் கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் போர்வைபோற் படிந்துள்ளன. பெருமழையில் அப்போர்வை நீரைக் குடித்துக் கனத்துப் பாறையிலிருந்து வழுக்கிவிடுகின்றது. பேணப்படும் கற்சுவர்களும், அவற்றோடு அமைந்த நீரோடும் வாய்க்கால்களும் இவ்வாபத்தைக் குறைக்கின்றன. கைவிடப்பட்ட சுவர்களோ வயிறு தள்ளிச் சரிந்து, தாமே ஆபத்தாகி விடுகின்றன.

1954 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆம் நாளிரவு இப்பகுதியிற் பெருமழை பெய்தது. ஒரே இரவிற் சில இடங்களில் ஏறத்தாழ 500 மில்லிமீற்றர் மழை. சலேர்னோ, வியத்ரி, மயோரி முதலிய ஊர்களில் முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அமல்பியின் கடதாசி ஆலைகளிற் பலவும் அவ்வெள்ளத்திலேயே அழிந்தன. 2010 செப்ரெம்பரில், அமல்பியின் அயலூரான அத்ரானியின் நடுவே, வீதிக்கடியில் மூடப்பட்டிருந்த ஓடை பொங்கியெழுந்து ஓர் இளம்பெண்ணைப் பலிகொண்டது. 2021 பெப்ரவரியில் அமல்பியின் வாயிலிலேயே பாறை சரிந்து வீதியை மூடியது. ஏப்ரில் மாதத்தில் வீதி மீண்டுந் திறக்கப்படும் வரை, அண்டை ஊருக்குச் செல்லவும் மக்கள் நெடுவழி சுற்ற வேண்டியதாயிற்று. வீதி என்பது எம் போன்ற பிரயாணிகளுக்கு ஒருநாட் காட்சி. அவர்களுக்கோ பாடசாலைக்கும் வைத்தியசாலைக்குஞ் செல்லும் வழி.

இங்கு ஒரு முரண்பாடு இருத்தலைக் காண்கிறோம். அடுக்கடுக்கான தோட்டங்களின் அழகைக் காணவே உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர். அவர்கள் வருவதால் விடுதித் தொழில் பெருகுகின்றது. விடுதித் தொழில் பெருகப் பெருக, தோட்டத்தில் உழைக்கும் கைகள் குறைகின்றன. கைகள் குறைந்தாற் சுவர்கள் சரியும். சுவர்கள் சரிந்தாற் காணவந்த அழகும், அதனைக் காட்டும் வீதியும் ஒருங்கே போகும். ஆயினும் பிரயாணிகள் வாராதிருந்தால் எல்லாம் நலமாகும் என்று கூறவும் இயலாது. முன்னர் இளைஞர் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது வறுமையினாலேயன்றோ?

நம்பிக்கைக்கும் இடமில்லாமலில்லை. சாந்தின்றிக் கல்லடுக்கும் கலையை 2018 இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமையாக ஏற்றது. இத்தாலி உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகள் இதற்காக இணைந்து விண்ணப்பித்தன. தோட்டத்தைப் பிரயாணிகளுக்குக் காட்டி, அதில் வரும் வருவாயைச் சுவருக்கே செலவிடும் குடும்பங்களும் இக்கரையில் உள. நாமும் ஒன்று செய்யலாம். ஓகஸ்ட் மாத நெரிசலைத் தவிர்த்து வசந்தத்திலோ ஒக்டோபரிலோ செல்லலாம். பகற்பொழுதில் ஓடி வந்து படம்பிடித்து ஓடாமல், ஓரிரவேனுந் தங்கலாம். கடையில் விற்கும் எலுமிச்சைப் படம் போட்ட தட்டுக்கு முன்னர், தோட்டக்காரரிடம் எலுமிச்சையையே வாங்கலாம்.

பிரயாணத்தின் முடிவில்

மாலையில் செத்தாரா என்னும் மீனவர் ஊரைக் கடந்தோம். அங்கே நெத்தலி மீனை உப்புடன் மரப்பீப்பாவில் அடுக்கிப் பாரமேற்றி, மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாற்றினைச் சிறு போத்தல்களில் விற்கின்றனர். பழைய உரோமானியர் உண்ட மீன்சாற்றின் வழிவந்தது இது என்பர். வேகவைத்த மாச்சேவையில் இரண்டு கரண்டி விட்டுக் கலந்தாற் போதுமாம். எம் குழுவிற் சிலர் மணத்துடன் விடைபெற்றனர்; துணிந்து சுவைத்தோர் இரண்டாந் தடவையும் கேட்டனர். அடுத்து வந்த வியத்ரி மட்பாண்டங்களுக்குப் பேர்பெற்றது. அங்குள்ள சுவர்களும் கடைவாயில்களும் வண்ண ஓடுகளால் மின்னுகின்றன. அத்துடன் கடற்கரை வீதி முடிந்து, சலேர்னோ நகரின் விளக்குகள் தோன்றின.

அந்த முதியவர் கூலி வாங்காமற் கட்டிய சுவரின் பயனை, அவர் பெயரும் அறியாத ஆயிரமாயிரம் பிரயாணிகள் நாடோறும் பெறுகின்றனர். அமல்பிக் கரைக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமானால், வலப்புற ஆசனத்தில் அமர்ந்து கடலைக் கண்குளிரக் காணுங்கள். இடையிடையே இடப்புறமுந் திரும்பி, கல்லின்மேற் கல்லாக எழுந்து நிற்கும் அச்சுவர்களையும் பாருங்கள். கடல் அங்கே எப்போதும் இருக்கும். சுவர்களை ஒவ்வோராண்டும் யாரேனும் கட்டியாக வேண்டும்.